எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதினால் ‘செயிட்’ என்கிறான்: சைட் வேர்ட்ஸை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தென்காசி

வணக்கம். ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் தமிழை நன்றாக எழுத்துக் கூட்டிப் படிப்பான், சுவரொட்டியைக்கூட விடமாட்டான். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. அதே ஏ-ஐ வரும் ‘ரெயின்’ படித்த பழக்கத்தில் ‘செட்’டை ‘செயிட்’ என்கிறான்.

சைட் வேர்ட்ஸ் என்றால் எழுத்துக் கூட்டாமல் பார்த்ததும் படிக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள். அமெரிக்கக் கல்வியாளர் டால்ச் தொகுத்த பட்டியலின் 220 சொற்களையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் அட்டைக்கு ஒன்றாக எழுதி, ஜூலையிலிருந்து தினமும் பத்து காட்டினேன். தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது பாதிக்கு மேல் மறந்திருந்தான். ஓர் அட்டையின் மூலையில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதைக் காட்டினால் உடனே ‘வாஸ்’ என்பான். அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் முழிக்கிறான். எங்கே தவறுகிறேன்?

பதில் 1: ஒரு மாணவியின் அம்மா, கோவை

டீச்சர், முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் தெரிவது பலகையில் தெரியாமல் இருக்கலாம். என் மகளுக்கு அப்படித்தான் இருந்தது, இரண்டாம் வகுப்பு வரை நாங்கள் கவனிக்கவில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மதுரை

கண்ணைப் பார்ப்பது நல்லது. ஆனால் அந்த எண்ணெய்க் கறையை யோசியுங்கள் டீச்சர். அவன் சொல்லைப் படிக்கவில்லை, அட்டையை அடையாளம் வைத்திருக்கிறான். நானும் பல வருடம் இப்படித்தான் அட்டை காட்டினேன், அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

டால்ச் 1936-ல் தொகுத்தது, பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கும் சொற்களை. அத்தனையும் மனப்பாடத்துக்கு அல்ல. ‘இன்’, ‘கெட்’, ‘ரன்’, ‘பிக்’ எல்லாம் எழுத்தின் ஒலி தெரிந்தால் கூட்டியே படிக்கலாம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், கட்டு பாதியாகக் குறையும்.

மீதியில் வாரம் மூன்று போதும். அட்டையைக் காட்டும் முன் சொல்லை வாயால் சொல்ல வையுங்கள். ‘செட்’. எத்தனை ஒலி? ஒலிக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கட்டும்: ஸ்-எ-ட், மூன்று கொட்டை. இப்போது கொட்டைகளுக்குக் கீழே எழுத்தை எழுதுங்கள். எஸ் ஒழுங்காக இருக்கிறது, டி-யும் அப்படியே. நடுக் கொட்டைக்குக் கீழே வரும் ஏ-ஐ மட்டும்தான் அடம்பிடிக்கிறது. அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடட்டும். அவன் நினைவில் வைக்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டும்தான்.

‘கம்’ (சி-ஓ-எம்-ஈ), ‘சம்’ (எஸ்-ஓ-எம்-ஈ) இரண்டும் ஒரே குடும்பம், சேர்த்தே கொடுங்கள். ‘வாஸ்’ (டபிள்யூ-ஏ-எஸ்), ‘சா’ (எஸ்-ஏ-டபிள்யூ) இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். அதே மூன்று எழுத்து தலைகீழாக வருவதால் குழம்புவான்.

அப்புறம், ‘பம்பரம்’ என்று எழுதிக் காட்டுங்கள். முதல் ‘ப’வுக்கு ஒரு ஒலி, ‘ம்’முக்குப் பின்னால் வரும் ‘ப’வுக்கு வேறு ஒலி. யாரும் சொல்லாமலே சரியாகப் படிப்பான். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிப்பது அவனுக்குப் பழக்கம்தான் என்று அவனிடமே சொல்லுங்கள். பயம் போகும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து:

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டினேன், கண்ணில் குறையில்லை. இதுவரை ஒன்பது சொல் முடிந்தது. ஒன்பதையும் அட்டை, பலகை, புத்தகம் எதில் பார்த்தாலும் படிக்கிறான். ‘பம்பரம்’ காட்டிய அன்று வகுப்பே சொல் தேட ஆரம்பித்துவிட்டது. ‘தங்கம்’, ‘பந்து’, ‘கங்காரு’ என்று பலகை நிறைந்தது.

நேற்று அவனே ஒரு கேள்வி கேட்டான்: “டீச்சர், ‘ஒன்’னுல முதல்ல டபிள்யூ சத்தம் கேக்குது, எழுத்தக் காணோமே?” எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் 2 எழுதியவர்:

ரொம்ப சந்தோஷம் டீச்சர். அந்தச் சொல்லை முன்பு ‘ஓன்’ போலத்தான் சொன்னார்கள். பேச்சு மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. ‘அலோன்’, ‘ஓன்லி’ இரண்டும் அதிலிருந்து பிறந்தவை, பழைய ஒலி அங்கே இன்னும் இருக்கிறது. இரண்டையும் பலகையில் எழுதி, உள்ளே ‘ஒன்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனையே தேடச் சொல்லுங்கள் (‘ஓன்லி’யில் அதன் கடைசி ஈ மட்டும் இருக்காது).