மல்டிசைட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்டற மென்பொருள்) மொழிபெயர்ப்புல நெட்வொர்க் அட்மின் பக்கம் வரைக்கும் வந்துட்டேன், அங்க மல்டிசைட்ங்கற வார்த்தையில வண்டி நின்னுபோச்சு. விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரே ஒரு தடவ இன்ஸ்டால் பண்றோம், அதுக்குள்ளயே எத்தனையோ தளம், ஒவ்வொண்ணுக்கும் தனி டொமைன், வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஓடற நிரல் கோப்பு எல்லாமே ஒரே செட்டு. இப்போதைக்கு "பல்தளம்"னு போட்டு வச்சிருக்கேன், மனசுக்கு ஒட்டல. டொமைன் மேப்பிங், சூப்பர் அட்மின் (எல்லாத் தளத்துக்கும் மேல இருக்கற நிர்வாகி), நெட்வொர்க் ஆக்டிவேட் இதுங்களும் பாக்கி இருக்கு. யோசனை சொல்லுங்க.

----

> "பல்தளம்"னு போட்டு வச்சிருக்கேன்

இலக்கணப்படி போனா பல் + தளம் பஃறளம்னு ஆகணும் :) பஃறுளி ஆறு, பஃறொடை வெண்பா மாதிரி. யாரும் அப்படி எழுத மாட்டாங்கன்னு தெரியும், சும்மா சொன்னேன். ஆனா வேற ஒரு உண்மையான தொல்லை இருக்கு. தளம்ங்கற சொல் ஏற்கனவே ஓவர்டைம் பாக்குது. வெப்சைட்டும் தளம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் இயங்குதளம், டேட்டாபேஸ் தரவுத்தளம், பிளாட்ஃபார்ம்னாலும் தளம், மாடிக்கும் தளம். "பல்தள மென்பொருள்"னு சொன்னா லினக்ஸ்லயும் விண்டோஸ்லயும் ஓடற மென்பொருள்னுதான் பாதிப்பேர் எடுத்துப்பாங்க, அந்த அர்த்தத்துலயும் புழங்குது.

நான் சொல்றது "பல்வாயில்". ஒரே வீடு, பல வாசல். ஒவ்வொரு டொமைனும் ஒரு வாசல்.

----

ஐயா, பஃறளம் ரசிச்சேன். பல்வாயில் கேக்க அழகா இருக்கு, ஆனா வேற விஷயத்துக்குத்தான் பொருந்துது. ஒரே தளத்துக்கு மூணு டொமைன் வாங்கி எல்லாத்தையும் ஒரே முகப்புக்குத் திருப்பி விடறோமே, அதுதான் பல வாசல் ஒரே வீடு. இங்க வாசலும் வேற, உள்ள இருக்கறதும் வேற.

எனக்கு என்ன தோணுதுன்னா, பல்தளம் பல்வாயில் ரெண்டுமே "பல"ங்கறதப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, பல தளம் வச்சிருக்கறதுல என்ன விசேஷம் இருக்கு? ஒரு சர்வர்ல பல டொமைன் ஓட்டறதெல்லாம் பழைய கதை. 1997ல எச்டிடிபி 1.1 வந்தப்பவே ஹோஸ்ட் ஹெட்டர் கட்டாயம்னு ஆயிடுச்சு, அதாவது பிரவுசர் பக்கத்தக் கேக்கும்போதே "எனக்கு இந்த டொமைன் வேணும்"னு சேத்து சொல்லிடும், அதனால ஒரே ஐபி முகவரிக்குப் பின்னாடி எத்தன தளம் வேணாலும் வைக்கலாம், அப்பாச்சி வெப் சர்வர்ல வர்ச்சுவல் ஹோஸ்ட்னு எழுதறோமே அதோட அடிப்படை இதுதான். எச்டிடிபிஎஸ்-க்கு மட்டும் இந்த வசதி கொஞ்சம் பிந்தித்தான் வந்துச்சு, ஏன்னா ஹெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எந்த டொமைனோட சான்றிதழக் காட்டறதுன்னு சர்வருக்குத் தெரிஞ்சாகணும், அதுக்கான எஸ்என்ஐ-யை 2003ல வரையறுத்தாங்க. இதெல்லாம் சர்வர் மட்டத்துல பகிர்றது. பத்து தளம்னா பத்து ஃபோல்டர், பத்து வேர்ட்பிரஸ். ஒண்ணு கெட்டா மத்தது பாட்டுக்கு ஓடும். இதையும் பல்தளம்னு யாராவது சொன்னா தப்புன்னு சொல்ல முடியுமா?

நாம பேர் வைக்கறது அதுக்கு ஒரு படி உள்ள இருக்கற விஷயத்துக்கு. வேர்ட்பிரஸை மட்டும் வச்சு யோசிச்சா இது பிடிபடாது, மத்ததையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

வேர்ட்பிரஸ் மாதிரியே தளம் கட்டற இன்னொரு மென்பொருள் ட்ரூபால், அதுல சைட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள டொமைன் பேர்லயே ஒரு ஃபோல்டர், அதுல அந்தத் தளத்தோட செட்டிங்ஸ் கோப்பு. கோரிக்கை வந்ததும் டொமைனப் பாத்து அந்த ஃபோல்டரத் தேடும், கிடைக்கலன்னா டீஃபால்ட்டுக்குப் போகும். நிரல் ஒண்ணு, ஆனா டேட்டாபேஸ் வழக்கமா தளத்துக்கு ஒண்ணு. பயனர் கணக்குகூட தனித்தனி. விக்கிமீடியாவும் கிட்டத்தட்ட இப்படித்தான், தமிழ் விக்கிப்பீடியாவும் ஆங்கில விக்கிப்பீடியாவும் ஓடறது ஒரே மீடியாவிக்கி நிரல்ல, டேட்டாபேஸ் மட்டும் விக்கிக்கு விக்கி வேற.

வேர்ட்பிரஸ்ல டேட்டாபேஸும் ஒண்ணுதான், டேபிள்தான் வேற வேற. முதல் தளத்தோட டேபிளுக்கு நம்பர் கிடையாது, ரெண்டாவதுலேர்ந்து பேர் நடுவுல 2, 3ன்னு நம்பர் போட்டுக்கிட்டே போகும். பயனர் டேபிள் மட்டும் மொத்தத்துக்கும் ஒண்ணே ஒண்ணு.

ட்ரூபால்லயே டொமைன் ஆக்சஸ்னு ஒரு மாட்யூல் இருக்கு, அதுல டேபிளும் ஒண்ணுதான். ஒவ்வொரு பதிவுக்கும் எந்த டொமைன்ல தெரியணும்னு ஒரு குறிப்பு மட்டும் ஒட்டி வச்சிருக்கும்.

ஆக டேட்டாபேஸப் பகிரலாம் பகிராம இருக்கலாம், டேபிளப் பகிரலாம் பகிராம இருக்கலாம், பயனர் கணக்கும் அப்படியே. எல்லாத்துலயும் மாறாம இருக்கறது இன்ஸ்டலேஷன் ஒண்ணுங்கறது மட்டும்தான். பேரும் அதத்தானே சொல்லணும்?

நடைமுறையில அடி விழறதும் அந்த இடத்துலதான். ஒரு செருகிய (பிளக்இன்) அப்டேட் பண்ணி அது முறுக்கிக்கிச்சுன்னா, அதப் பயன்படுத்தற அத்தன தளமும் ஒரே நேரத்துல வெள்ளையாயிடும். சில தளத்துக்கு மட்டும் பழைய பதிப்பு வேணும்னா வேர்ட்பிரஸ்ல வழி கிடையாது, கோப்பு ஒண்ணுதானே. தனித்தளத்தோட நிர்வாகியா இருந்தாலும் செருகியோ தீமோ புதுசா ஏத்த முடியாது, சூப்பர் அட்மின்தான் ஏத்தணும், ஏன்னா தனித்தள நிர்வாகி ஏத்தற கோடு மத்தவங்க தளத்துக்கும் பக்கத்துலதான் உக்காரப் போகுது. அதே காரணத்துக்காக பதிவுக்குள்ள ஸ்கிரிப்ட் எழுதறதுக்கும் தனித்தள நிர்வாகிக்கு அனுமதி இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு தளத்த மட்டும் பிரிச்செடுத்து வேற சர்வருக்குக் கொண்டுபோகணும்னா அப்பத்தான் தெரியும் சங்கதி, அந்த நம்பர் போட்ட டேபிளெல்லாம் எடுக்கணும், படங்களுக்கு அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற அதே நம்பர் ஃபோல்டர எடுக்கணும், பொது பயனர் டேபிள்லேர்ந்து இந்தத் தளத்து ஆளுங்கள மட்டும் சலிச்செடுக்கணும். "பல்தளம்"னு படிக்கிற புது ஆளுக்கு இதுல ஏதாவது ஒண்ணு மனசுல தட்டுமா?

என் பரிந்துரை: கூட்டுநிறுவல், இன்ஸ்டலேஷனுக்கு நிறுவல்னுதானே எழுதறோம். அதுக்குள்ள இருக்கற ஒவ்வொண்ணும் உறுப்புத்தளம்.

----

கூட்டுநிறுவல் நல்லா இருக்கு, ஆனா ரெண்டு கேள்வி.

1. வேகமாப் படிச்சா "கூட்டு நிறுவனம்"னு தெரியுது. பார்ட்னர்ஷிப் கம்பெனி ஏதோன்னு நினைச்சுப்பாங்க.

2. கணக்குப் பாடத்துல நிறுவுகன்னா ப்ரூவ் பண்ணுன்னு அர்த்தம், நிறுவல்னா ப்ரூஃப். அந்தக் குழப்பம் வராதா?

"பகிர்நிறுவல்"? "பொதுநிறுவல்"? இல்ல மல்டி டெனன்ட்ங்கறாங்களே, அத ஒட்டி "பல்குடி"ன்னு ஏதாவது?

(பல்குடின்னு டைப் அடிச்சு முடிச்சதும்தான் அது எப்படித் தொனிக்குதுன்னு தெரிஞ்சுது, விட்டுடுங்க.)

----

விட்டுட்டோம் :)

இருந்தாலும் மல்டி டெனன்ட் பத்தி ஒரு வரி. அங்க முக்கியமே வாடிக்கையாளர் வேற வேற ஆளுங்கறதுதான், ஒருத்தர் தரவு இன்னொருத்தர் கண்ணுல படவே கூடாது. இங்க எல்லாத் தளமும் ஒரே ஆளோடதா இருக்கலாம், ஒரு அமைப்போட பத்துத் துறைக்குப் பத்துத் தளம்னு இருக்கலாம், வேர்ட்பிரஸ் டாட் காம் மாதிரி யார் வேணா வந்து கணக்குத் தொடங்கறதாவும் இருக்கலாம். கடைசியா சொன்னத மல்டி டெனன்ட்னு சொல்லலாம், மத்தது சேராது.

பகிர்நிறுவல் வேணாம்ங்கறதுக்குக் காரணம், ஷேர்ட் ஹோஸ்டிங்குக்கு ஏற்கனவே பகிர்னுதான் எழுதறோம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வர்ற விஷயம் வேற, படிக்கிறவங்க ஒண்ணாக்கிடுவாங்க. பொதுநிறுவல்னா பப்ளிக்னு போயிடும்.

நிறுவனக் குழப்பம் நியாயமான கேள்விதான். ஆனா நிறுவு, நிறுவி, நிறுவல் இதெல்லாம் மென்பொருள் உலகத்துல ஊறிப்போன சொல், இன்ஸ்டாலர் திரையில நிறுவல்னு பாத்துட்டு யாரும் தேற்றத்த நிரூபிக்கக் கிளம்பல. சேத்து ஒரே சொல்லா எழுதினா இன்னும் தெளிவு. வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், எனக்கு அதுதான் பரீட்சை:

"இந்தத் தளம் எந்தக் கூட்டுநிறுவல்ல இருக்கு?"
"கூட்டுநிறுவல்லேர்ந்து உறுப்புத்தளத்தப் பிரிச்செடுக்கறது எப்படி?"
"தனி நிறுவலா வைக்கலாமா கூட்டுநிறுவலா வைக்கலாமா?"

மூணாவது வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, எதிர்ச்சொல் தானா கிடைக்குது. பல்தளத்துக்கு எதிர்ச்சொல் ஒருதளம்னு ஆகும், அது எதையுமே சொல்லல.

----

எனக்கும் கூட்டுநிறுவல் சம்மதம். ஆனா வேர்ட்பிரஸ்ல நெட்வொர்க்னு ஒரு சொல் தனியா இருக்கே, அத என்ன பண்றது? வலையமைப்புன்னு போட்டா சர்வர், கேபிள், ரூட்டர்னு நினைப்பு போகுது.

----

அது ஆங்கிலத்துலயே குழப்படிதான். முன்னாடி வேர்ட்பிரஸ் எம்யூன்னு தனி மென்பொருளா இருந்துச்சு, 2010 ஜூன்ல 3.0 வந்தப்போ மூல மென்பொருளோட சேத்துட்டாங்க. எம்யூ காலத்துல உள்ள இருக்கற ஒவ்வொண்ணையும் பிளாக்னும் மொத்தத்த சைட்னும் சொன்னாங்க. சேக்கும்போது பிளாக்க சைட்னும், சைட்ட நெட்வொர்க்னும் மாத்தினாங்க. திரையில மட்டும்தான் மாத்தினாங்க, டேபிள் பேர் அப்படியே கெடக்கு, இன்னிக்கும் சைட்ங்கற டேபிள்ல இருக்கறது நெட்வொர்க், பிளாக்ஸ்ங்கற டேபிள்ல இருக்கறதுதான் சைட்டுங்க. ஒரு தளத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவற ஃபங்ஷன் பேரு இன்னமும் ஸ்விட்ச் டு பிளாக். கோட படிச்சுட்டு மொழிபெயர்க்க வர்றவங்க கவனமா இருங்க, குறிப்புல சைட்னு இருந்தா அது எந்த சைட்னு பாத்துட்டுப் போடுங்க.

தமிழ்ல நமக்கு அந்த வரலாற்றுச் சுமை கிடையாது, அத ஏன் இழுத்துப் போட்டுக்கணும். நெட்வொர்க் வர்ற பெரும்பாலான இடத்துல கூட்டுநிறுவல்னே போடலாம், நெட்வொர்க் அட்மின் பக்கம் "கூட்டுநிறுவல் நிர்வாகம்". ஒரே இன்ஸ்டலேஷன்ல பல நெட்வொர்க் வைக்கறதும் முடியும்தான், ஆனா அது ரொம்ப அபூர்வம், வேர்ட்பிரஸ் திரையிலயும் வராது, வர்ற செருகிக்காரங்க "தளத்திரள்"னு ஏதாவது வச்சுக்கட்டும்.

சூப்பர் அட்மினுக்குத் தலைமை நிர்வாகி போதும். மேல் நிர்வாகி, மீநிர்வாகி எல்லாம் வேணாம், மீநிர்வாகின்னா ஏதோ பறக்கற ஆள் மாதிரி இருக்கு.

டொமைன் மேப்பிங்ல மேப்பப் பாத்துட்டு வரைபடம்னு ஓடிடாதீங்க. அங்க நடக்கறது ஒரு டொமைனுக்கும் ஒரு உறுப்புத்தளத்துக்கும் முடிச்சுப் போடறது, அவ்வளவுதான். முன்னாடி சன்ரைஸ்னு ஒரு கோப்பு வச்சு, தனி செருகி போட்டுச் செய்ய வேண்டியிருந்துச்சு, 2016ல 4.5 வந்ததுக்கப்புறம் தளத்தோட முகவரியப் போய் மாத்தினாலே வேல முடியுது, டிஎன்எஸ்-ஸும் (டொமைன சர்வரோட இணைக்கற பதிவு) சான்றிதழும் நாமதான் பாத்துக்கணும். "களப்பெயர் பொருத்தல்"னு வைக்கிறேன். ஆள்களப்பெயர்னு எழுதறவங்க ஆள்களப்பெயர் பொருத்தல்னு வச்சுக்கலாம், அந்தச் சண்டைய இந்த இழையில ஆரம்பிக்க வேணாம் தயவுசெஞ்சு.

----

அருமை, ஏத்துக்கறேன். உதவிக்குறிப்புல ஒண்ணு சேக்கணும்: பயனர் டேபிள் ஒண்ணுங்கறதால ஒரு உறுப்புத்தளத்துல நுழைஞ்சா எல்லாத்துலயும் நுழைஞ்ச மாதிரின்னு பலர் நினைக்கறாங்க, தனித்தனி டொமைனா இருந்தா அது நடக்காது. கடவுச்சொல் ஒண்ணுதான், ஆனா நுழைஞ்சதுக்கான அடையாளம் குக்கியிலதான் இருக்கு, ஒரு டொமைனோட குக்கிய பிரவுசர் இன்னொரு டொமைனுக்குக் குடுக்காது, அதனால ஒவ்வொண்ணுலயும் தனியா நுழையணும்.

நெட்வொர்க் ஆக்டிவேட்டுக்கு "எல்லாத் தளத்திலும் இயக்கு"ன்னு போட்டுட்டேன். தீம் பக்கத்துல வர்ற நெட்வொர்க் எனேபிளுக்கும் அதையே போடவா?

----

போடாதீங்க, ரெண்டும் வேற. செருகிய நெட்வொர்க் ஆக்டிவேட் பண்ணா எல்லாத் தளத்துலயும் உடனே ஓட ஆரம்பிக்கும், நாளைக்குப் புதுசாத் தொடங்கற தளத்துலயும் ஓடும், தனித்தள நிர்வாகியால அத நிறுத்தவும் முடியாது. தீம நெட்வொர்க் எனேபிள் பண்ணா எந்தத் தளமும் மாறாது, வேணுங்கறவங்க எடுத்துப் போட்டுக்கலாம்னு பட்டியல்ல காட்டும், அவ்வளவுதான். தீமுக்கு "எல்லாத் தளத்துக்கும் அனுமதி"ன்னு போடுங்க. பட்டன் நீளம் தாங்குமான்னு மொபைல்ல ஒரு தடவ பாத்துட்டு சேமிங்க.