1/24 இம்ப்ரெசா: மொன்டே கார்லோ கிட்டை சஃபாரி கிரவல் காரா மாத்துறது எப்பிடி?

மாங்குளம்_சந்தி எழுதியது:

வணக்கம். தமியா கம்பனியின்ர 1/24 அளவு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்சி (உலக ராலிக் கார்) '98 மொன்டே கார்லோ பிளாஸ்டிக் மொடல் கிட் கையில கிடக்கு. பெட்டியில உள்ளபடி கட்டாமல், கென்யாவில கிரவல் ரோட்டில ஓடுற சஃபாரி ராலிக் காரா, செம்மண் அப்பின மாதிரி செய்ய விருப்பம். 1995இல கொலின் மக்ரே உலகச் சாம்பியனான 555 காரின்ர டிகால் (தண்ணியில ஊறவைச்சு ஒட்டுற எழுத்து, படம்) ஷீட் ஒண்டைத் தனியா எடுத்து ஒட்டலாம் எண்டு நினைக்கிறன்.

மாரி தொடங்கினதில இருந்து ஸ்ப்ரே சரிவருதில்லை. பிளாஸ்டிக் கரண்டியிலயும் காரின்ர உடம்பிலயும் அடிச்சுப் பாத்தா நீலத்துக்கு மேல வெள்ளைப் புகார் படிஞ்ச மாதிரி வருது. பழைய டிகால் ஒண்டை ஒட்டிப் பாத்தன், ஓரமெல்லாம் கீழ வெள்ளி மாதிரித் தெரிஞ்சு, வெள்ளி அடிச்சுப் போச்சு. காரை எவ்வளவு உயர்த்தோணும், சில்லு மாத்தோணுமா எண்டதும் விளங்கேல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

இரணைமடு24 எழுதியது:

டிகாலுக்குக் காசு அனுப்ப முதல் ஒரு விசயம். 1995 கார் பழைய குரூப் ஏ விதிப்படி செய்த இம்ப்ரெசா, அதுக்கு 4 கதவு. உங்கட '98 கிட் டபிள்யூஆர்சி கார், 2 கதவு. 1997இல விதி மாறினாப் பிறகுதான் சுபாரு 2 கதவு உடம்புக்குப் போனது. '95 ஷீட்டை இந்த உடம்பில ஒட்டினால் கதவுக் கோட்டில எழுத்து வெட்டுப்படும், பின் பக்கக் கண்ணாடியில பேர் ஒட்டுற இடமும் பிழைக்கும். சஃபாரிதான் வேணுமெண்டால் 1997 சஃபாரியை எடுங்கோ. அதை வெண்டதும் மக்ரேதான், 2 கதவுக் காரில. 555 சிகரெட் பேர் எண்டபடியால் தமியா அதைப் பெட்டியில போடுறேல்லை. அந்த ஒண்டைத் தனியாத்தான் வாங்கவேணும்.

உயரம், சில்லு ரெண்டையும் 24ஆல பிரிச்சுப் பாத்தால் குழப்பம் இல்லை. மொன்டே கார்லோ தார் ரோட்டுக் கார், 18 அங்குல றிம். கிரவலுக்கு 15 அங்குலம். 18 அங்குலம் 457 மி.மீ., மொடலில 19 மி.மீ. 15 அங்குலம் 381 மி.மீ., மொடலில 15.9 மி.மீ. இது டயர் குந்துற இடத்து விட்டம். வெளி விளிம்பையும் சேத்து அளந்தால் 17 மி.மீ. கிட்ட வரும். இணையத்தில 'கிரவல் வீல்' எண்டு விக்கிற ரெசின் செட்டுகளில அளவு போட்டிருக்கிறதைப் பாத்து வாங்குங்கோ.

டயரின்ர வெளி விட்டம் பெரிசா மாறாது. 235/40-18 ஏறத்தாழ 645 மி.மீ., 205/65-15 ஏறத்தாழ 647 மி.மீ. ரெண்டுமே மொடலில 27 மி.மீ. தான். கிரவல் காரில றிம் சின்னன், டயரின்ர கன்னம் தடிப்பு. அதால சில்லை மாத்தினால் கார் தானா உயரும் எண்டு நினைக்காதேங்கோ. உயரத்தை சஸ்பென்ஷனிலதான் எடுக்கோணும்.

நிஜக் காரில 40 மி.மீ. தூக்கினால் மொடலில 1.7 மி.மீ. கண்ணுக்கு இது சின்னனாத் தெரியும், ஆனா வளைவுக்கும் டயருக்கும் இடையில வந்தோண்ணை காரின்ர நிலையே மாறிடும். 3 மி.மீ. தூக்கின ஆக்களின்ர மொடல் ஜீப் மாதிரி நிக்குது. சில்லு குத்துற முளையை நக்கிளில (சில்லைத் தாங்குற துண்டில) இருந்து நேரா அறுத்து, 1.7 மி.மீ. கீழ இறக்கி ஒட்டுங்கோ. ஒட்டுறது மட்டும் நிக்காது, 0.8 மி.மீ. ஓட்டை போட்டு ஒரு கம்பித் துண்டை ஊசி மாதிரிச் செருகவேணும். நாலு சில்லையும் முதல் புளூ டக்கில (கழட்டக்கூடிய ஒட்டுக் களியில) நிப்பாட்டி, முகம் பாக்கிற கண்ணாடிக்கு மேல வைச்சு நாலும் தொடுதோ எண்டு பாத்திட்டுப் பசை விடுங்கோ.

சில்லுக்குப் பின்னால தொங்குற மட் பிளாப் கிட்டில வாறது தடிப்புக் கூட. நிஜத்தில 4 மி.மீ. தடிப்பு, மொடலில 0.17. பைல் கவர் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட 0.2 மி.மீ., அதில வெட்டினால் காணும். சும்மா தொங்க விடாமல் கொஞ்சம் பின்னால வளைச்சு விடுங்கோ.

---

புளியங்குளம்_பட்டறை எழுதியது:

வெள்ளைப் புகாருக்குக் காரணம் ஈரம். லெக்கர் ஸ்ப்ரே பெயின்டில உள்ள கரைப்பான் ஆவியாகேக்க மேற்பரப்பைக் குளிராக்குது. காத்தில ஈரம் கூட எண்டால் அந்தக் குளிரில தண்ணி படிஞ்சு பெயின்டுக்குள்ள மாட்டுப்படும். ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல எண்டால் ஸ்ப்ரே கானைத் தொடாதேங்கோ. சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்டு கட்டாயம் வாங்குங்கோ, வன்னியில இது கத்தரிக்கோலை விட முக்கியமான சாமான்.

மாரியில எண்டால் மழை இல்லாத நாளில 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில அடியுங்கோ. அப்பதான் ஈரம் ஆகக் குறைவு. அடிக்க முதல் உடம்பைக் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குப் போடுற குண்டு பல்புக்குக் கீழ, ஒரு அடி தள்ளி, 15 நிமிசம் வைச்சு இளஞ்சூடாக்குங்கோ. காத்தை விடக் கொஞ்சம் சூடா இருந்தால் தண்ணி படியிறது குறையும். கூடச் சூடாக விட்டால் கூரைத் தூண் வளையும். அடிச்சு முடிச்சதும் அதே பெட்டிக்குள்ள மூடி வையுங்கோ.

சோளகக் காலத்தில பிரச்சினை மறுபக்கம். பெயின்ட் காத்திலயே காய்ஞ்சு, மணல் தாள் மாதிரி விழும். அதோட செம்மண் தூசி. அப்ப விடிய, காத்து எழும்ப முதல் அடிச்சு முடிச்சிடோணும். நிலத்துக்குத் தண்ணி தெளிச்சு விட்டால் தூசி அடங்கும்.

புகார் படிஞ்சதைச் சுரண்டத் தேவையில்லை. காய்ஞ்ச நாளாப் பாத்து அதுக்கு மேல மெல்லிசா, ஆனா ஈரமா ஒரு கோட் அடிச்சால் பழைய படலம் இளகி உள்ள ஈரம் வெளியேறும். ரெண்டாந்தரமும் போகாட்டி ஐசோபுரோப்பைல் அல்ககோலில ஒரு இரவு ஊற வைச்சுக் கழுவுங்கோ.

வரிசை இதுதான்: சாம்பல் பிரைமர் மெல்லிசா 2 கோட், 1000 நம்பர் தாளால தண்ணி விட்டு உரஞ்சுறது, பிறகு தமியா ஸ்ப்ரே டிஎஸ்-50 மைக்கா புளூ (மினுங்குற துகள் உள்ள நீலம்). 20 - 25 செ.மீ. தள்ளி நிண்டு, முதல் 2 கோட் தூவல், பிறகு 2 கோட் ஈரமா, இடையில 10 - 15 நிமிசம். மைக்கா நிறத்தை உரஞ்சவே கூடாது, துகள் கலைஞ்சு திட்டுத் திட்டாத் தெரியும். தூசி விழுந்தால் அதை விட்டிட்டு, கிளியர் (நிறமில்லாத மேல் பூச்சு) அடிச்சாப் பிறகு கிளியரை உரஞ்சுங்கோ.

ஆட்டோவுக்கு அடிக்கிற பெயின்டைக் கடையில கலந்து எடுக்கலாம் எண்டு ஆரும் சொல்லுவினம். நிறம் அச்சொட்டா வரும், ஆனா அந்த என்சி (நைட்ரோசெலுலோஸ்) தின்னர் பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில பட்டால் நரம்பு நரம்பா வெடிக்கும். முதலில பாகங்கள் ஒட்டி வாற சட்டத் துண்டில அடிச்சுப் பாருங்கோ. ரெண்டு பாகம் கலக்கிற 2கே கிளியர் எண்டால் கரி பில்டர் மாஸ்க் போட்டு, வெளியில மட்டும். துணி மாஸ்க் அதுக்கு ஒண்டும் செய்யாது.

---

வவுனிக்குளம்_கட்டு எழுதியது:

டிகால் பற்றி. வெள்ளி அடிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. பாத்தால் ஒரே மாதிரி, வைத்தியம் வேற.

முதலாவது காற்று. மைக்கா பெயின்டின் மேற்பரப்பு கரடுமுரடு, டிகாலுக்குக் கீழே காற்று அடைபடும். நீலத்துக்கு மேலே ஒரு கோட் கிளியர் அடித்து, ரெண்டு நாள் விட்டு, அதற்கு மேல் ஒட்ட வேண்டும்.

ரெண்டாவதை எங்கட பக்கம்தான் அதிகம் காணலாம்: கிணற்றுத் தண்ணி. கேத்தல் அடியில் வெள்ளைப் பொருக்கு படியிற தண்ணியில டிகாலை ஊறவைத்தால், காய்ந்ததும் அதே பொருக்கு டிகாலுக்குக் கீழே நிற்கும். ஊசியால் நுனியில் குத்தி டிகால் மென்மையாக்கி ஒரு துளி விட்டுப் பாருங்கள். வெள்ளி மறைந்தால் காற்று. மறையாமல் நின்றால் உப்பு, அதைத் திருத்த ஏலாது, கழற்றத்தான் வேணும். ஆர்ஓ தண்ணி எடுக்கிற இடத்தில் ஒரு போத்தல் எடுங்கள், இல்லையெண்டால் கராஜில் விக்கிற பற்றரித் தண்ணி (வடிச்ச தண்ணி, அசிட் இல்லை). கடைசியாகத் துடைக்கிற பஞ்சும் அதே தண்ணியில் நனைந்திருக்க வேண்டும்.

தனியா வாங்குகிற ஷீட்டுகளின் படலம் மெல்லிது, கடுமையான மென்மையாக்கி பட்டால் சுருண்டு கரையும். ஷீட்டில் தேவைப்படாத ஒரு எழுத்தில் முதலில் சோதியுங்கள். பொனட்டின் காற்று வாய் மாதிரி வளைவான இடங்களில் ஒரே துளியில் அவசரப்படாமல், பத்து நிமிடத்துக்கு ஒருக்கா சிறு துளியாக விட்டு, ஈரப் பஞ்சை உருட்டி இறக்குங்கள்.

ஒட்டி முடித்து ரெண்டு நாளாவது காயவிட்டுத்தான் கிளியர். முதல் ரெண்டு கோட் வெறும் தூவல். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் கிளியரில் உள்ள கரைப்பான் டிகாலைச் சுருக்கிவிடும். மிச்ச ஷீட்டைச் சிலிக்கா ஜெல் பைக்கற் போட்டு மூடி வையுங்கள், மாரியில் அது தாளோடு ஒட்டிப்போகும்.

---

மாங்குளம்_சந்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எங்கட கிணத்துத் தண்ணி அப்பிடித்தான், கேத்தல் முழுக்க வெள்ளை. 1997 சஃபாரிக்கே போறன். இன்னும் ரெண்டு கேள்வி: முன்னுக்கு வாற புல் பார் (காவல் குழாய்ச் சட்டம்) எதில செய்யிறது? ரோட்டுச் செம்மண்ணை அப்பிடியே பாவிக்கலாமா, பிக்மென்ட் தூள் வாங்கோணுமா?

---

ஒட்டுசுட்டான்_கிரவல் எழுதியது:

வாங்காதேங்கோ. வாசலில கிடக்கிற மண்ணை விட நல்ல நிறம் போத்தலில வராது. ஆனா அப்பிடியே அள்ளி அப்பினால் பிழைக்கும். கால் மி.மீ. மணல் ஒண்டு இந்த அளவில 6 மி.மீ. கல்லு. காருக்கு மேல தூசி இல்லாமல் சல்லி கொட்டின மாதிரி இருக்கும். அரிதட்டாலயும் துணியாலயும் அரிச்சுக் காணாது, தண்ணியிலதான் பிரிக்கோணும்.

கிரவல் ரோட்டு ஓரத்தில படிஞ்ச தூளில ஒரு கைபிடி எடுங்கோ. குளத்து மண் வேண்டாம், அது கறுப்பு, அழுகின சாமானும் கிடக்கும். ஒரு லீற்றர் போத்தலில ஆர்ஓ தண்ணியோ மழைத் தண்ணியோ விட்டுக் குலுக்குங்கோ. கிணத்துத் தண்ணி இதுக்கும் கூடாது. அதில உள்ள உப்புக் களியைத் திரளப் பண்ணி எல்லாத்தையும் ஒண்டா அடியில இறக்கிடும். குலுக்கி ஒரு நிமிசம் விட்டால் மேல் 10 செ.மீ.இல உள்ள மணல் கீழ போயிடும். கலங்கலை மட்டும் மற்றப் போத்தலுக்கு ஊத்தி 5 நிமிசம் விடுங்கோ. இப்பவும் மேல மிதக்கிற கலங்கலை மூண்டாவது போத்தலுக்கு எடுங்கோ. அதில இருக்கிறது ஏறக்குறைய 20 மைக்ரோனுக்குக் குறைஞ்ச தூள். ரெண்டு நாளில படியும். தெளிஞ்ச தண்ணியை இறுத்து, தட்டில வெயிலில காயவைச்சு, கரண்டியால நுணுக்கினால் முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி வரும். விரலுக்கிடையில உரஞ்சினால் நெருடக் கூடாது. நெருடினால் திரும்ப ஒருக்கா.

ரெண்டாவது போத்தலின்ர அடி மண்டியை எறியாதேங்கோ, சில்லு வளைவுக்குள்ள சேறு செய்ய அதுதான் சரி.

தனிச் செம்மண் அந்த நீலத்துக்கு மேல கண்ணைக் குத்தும். காய்ஞ்ச தூசி எப்பவும் மண்ணை விட வெளிறல். நாலு பங்குக்கு ஒரு பங்கு வெள்ளைச் சோக்குத் தூள் சேருங்கோ. பசை கலந்தால் நிறம் இருளும், அதால காய்ஞ்சாப் பிறகு பாத்துத்தான் முடிவெடுக்கோணும்.

பளபளப்பான கிளியரில தூள் நிக்காது. கதவுக்குக் கீழ, பின் பம்பர், டிக்கி மூடி, இந்த இடங்களுக்கு மட்டும் மட் கிளியர் (பளபளப்பு இல்லாத கிளியர்) தூவுங்கோ. தூளை ஹாட்வெயார் கடையில விக்கிற டேர்பென்டைனில குழைச்சுப் பூசி, பத்து நிமிசத்தால கொட்டன் பட்ஸால (காது குடையிற பஞ்சுக் குச்சியால) மேல இருந்து கீழ துடையுங்கோ. மண்ணெண்ணெய் பாவிக்காதேங்கோ, எண்ணெய்ப் பசை நிண்டு கறுக்கும். சேறு தெறிச்சதுக்கு மண்டியோட வெள்ளைப் பசையும் தண்ணியும் கலந்து, பழைய பல் பிரஷில தொட்டு விரலால சுண்டுங்கோ. துளி அரை மி.மீ.க்கு மேல போகக் கூடாது, அதுவே நிஜத்தில 12 மி.மீ.

எங்க அப்புறது எண்டதுதான் மொடலை நிஜமாக்கும். கார் ஓடேக்க பின்னுக்குக் காத்து சுழண்டு தூசியை இழுத்து அப்பும், அதால டிக்கி மூடியும் பின் கண்ணாடியும்தான் ஆக மோசம். கூரையில மெல்லிய படலம் காணும். முன் கண்ணாடியில வைப்பர் துடைச்ச வளைவை டேப்பில வெட்டி ஒட்டிட்டுத் தூவினால், எடுக்கேக்க அந்த வளைவு மட்டும் துப்பரவா நிக்கும். நம்பர் பிளேட், கதவு நம்பர், லைட், இதுகளை ராலிக்கு இடையில சேவிஸில துடைச்சு விடுறவை. நீங்களும் ஈரப் பஞ்சால ஒரு இழுவை இழுத்து, ஓரத்தில மண்ணை விட்டிடுங்கோ.

---

இரணைமடு24 எழுதியது:

புல் பாருக்கு வெல்டிங் கடையில விக்கிற பிறேசிங் பித்தளைக் கம்பி. 1.6 மி.மீ. கம்பி நிஜத்தில 38 மி.மீ. குழாய், 2.4 எண்டால் 58. பிரதான வளையத்துக்கு 2.4 தடிப்பாத் தெரிஞ்சால் முழுக்க 1.6இல செய்யுங்கோ. சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால்தான் வெடிக்காமல் வளையும். தாளில மொடலின்ர அளவில கீறி, ஆணி அடிச்ச பலகையில வளைச்சு, மூட்டை ஈயத்தால ஒட்டுங்கோ. சுப்பர் குளூ மூட்டு ஒரு தட்டில கழரும், அதோட கண்ணாடிக்குக் கிட்ட விட்டால் ஆவி படிஞ்சு கண்ணாடி மங்கும். லைட் தாங்கிக்கு வீட்டு வயரிங் 1/1.13 வயரின்ர செம்பு காணும். சஃபாரிக் கார்களுக்குத் தண்ணிக்குள்ளால போக வாற காத்துக் குழாயைக் கண்ணாடித் தூணோட ஒட்டி மேல எடுப்பினம். எந்தப் பக்கம், எந்த உயரம் எண்டதை அந்த வருசப் படத்தைப் பாத்து மட்டும் செய்யுங்கோ.

கடைசியா டயர். கிட்டில வாற வைனில் டயரில உள்ள எண்ணெய் கசிஞ்சு பிளாஸ்டிக் றிம்மை இளக்கும், எங்கட வெயிலில இன்னும் கெதியா. றிம்மில டயர் குந்துற இடத்தைச் சுத்தி, பைப் மூட்டுக்குச் சுத்துற வெள்ளை டேப் ரெண்டு சுத்துச் சுத்திட்டு டயரை ஏத்துங்கோ. தகரக் கூரைக்குக் கீழ அலுமாரிக்கு மேல வைக்காமல், கீழ் தட்டில வையுங்கோ.

---

மாங்குளம்_சந்தி எழுதியது:

மண் மூண்டாவது போத்தலில படியுது. கம்பி நாளைக்கு எடுக்கிறன். உடம்பை அல்ககோலில போட்டாச்சு.

---

புளியங்குளம்_பட்டறை எழுதியது:

தம்பி, உடம்பில கண்ணாடி ஒண்டும் ஒட்டி இல்லைத்தானே? தெளிவான பாகம் அல்ககோலில கிடந்தால் நுண் வெடிப்பு வரும். ஒட்டி இருந்தால் இப்பவே வெளிய எடுங்கோ.

---

மாங்குளம்_சந்தி எழுதியது:

இல்லை அண்ணை, கண்ணாடி எல்லாம் இன்னும் சட்டத்திலதான் கிடக்கு.