கேடயத்தால் மோதும் நொடியிலேயே நான் அடிபடுகிறேன்: எதைத் திருத்துவது?

கேள்வி (வட்டக்கேடயம்)

நுரை பொதிந்த போலி ஆயுதங்களால் பொருதும் நுரை ஆயுதப் போட்டிகளில் வலக்கையில் ஒற்றைக்கை வாளும், இடக்கையில் நடுப்பிடி (மையத்தில் கையால் பற்றும் பிடி) வைத்த வட்டக் கேடயமும் கொண்டு ஆடுகிறேன். தடுப்பதில் குறை இல்லை. ஆனால் கேடயத்தையே தாக்குதலுக்குப் பயன்படுத்த முயலும்போது இரண்டு விதமாகத் தோற்கிறேன். எதிராளி ஓரடி பின்வாங்கிவிட, என் மோதல் காற்றில் வீணாகிறது. அல்லது இரு கேடயங்களும் சரியாகவே மோதுகின்றன, ஆனால் அதே நொடியில் என் முன்காலிலோ இடது விலாவிலோ அடி விழுந்துவிடுகிறது. எங்கள் களத்தின் விதிகள் கேடய மோதலை அனுமதிக்கின்றன. எதிராளிகள் பெரும்பாலும் வலக்கையர்கள். நான் வேகத்தைக் கூட்ட வேண்டுமா, அல்லது அடிப்படையிலேயே மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி (முன்வரிசை)

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேடயம் அடிக்கும் ஆயுதம் அன்று. எதிராளியின் கேடயத்தையோ வாள்கையையோ ஒரு நொடி செயலிழக்கச் செய்வதே அதன் வேலை, அந்த நொடிக்குள் உங்கள் வாள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மோதிய பிறகு வாளை ஓங்கினால் அந்த நொடி கடந்துபோயிருக்கும். ஆகவே வாள்வீச்சு மோதலுக்குச் சற்று முன்பே தொடங்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அடிகளைப் பார்த்தால், கையை நீட்டித் தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கை நிமிரும்போது கேடயம் மேலெழுந்து உடலை விட்டு விலகுகிறது. எதிராளியின் வாள் உங்கள் இடப்பக்கத்தில்தானே இருக்கிறது, அவருக்குக் காலும் விலாவும் தாமாகவே திறந்து கிடைக்கின்றன. முழங்கையை மடித்தே வைத்து, கேடயத்தைத் தோளோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பும் காலும் தரும் விசையில் முன்னேறுங்கள். முன்கால் தரையில் ஊன்றுவதும் கேடயம் தொடுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். கால் முந்தினால் உங்கள் எண்ணம் வெளிப்பட்டுவிடும். கேடயம் முந்தினால் அதன் பின்னால் எடை இராது.

எதிராளி பின்வாங்குவதற்குக் காரணம், நீங்கள் தொலைவிலிருந்து புறப்படுவது. அவருடைய கேடயப் பக்கத்துத் தோளை நோக்கி உண்மையான ஒரு வெட்டை வீசுங்கள். அதைத் தடுக்க அவர் கேடயத்தை உயர்த்தும் கணத்தில் அவர் கால்கள் பெரும்பாலும் நின்றுவிடும், பார்வையும் ஓரளவு மறையும். நெருங்க வேண்டிய தருணம் அதுதான்.

இருவரும் வலக்கையர் என்றால், உங்கள் கேடயத்துக்கு நேர் எதிரே இருப்பது அவருடைய கேடயம் அன்று, வாள்கை. அவர் ஓங்கத் தொடங்கும்போதே முன்கையின் மீது கேடயத்தை அழுத்தி நிறுத்திவிட்டால் அந்த வீச்சு பிறக்கவே பிறக்காது. பலரும் கேடயத்தைத் தேடிப் போய் மோதுகிறார்கள். நான் இந்த அழுத்தத்தையே முதலில் பழகச் சொல்வேன்.

மறுமொழி (நெடும்பட்டை)

எதிராளி வைத்திருக்கும் கேடயத்தின் வகையையும் பார்க்க வேண்டும். நடுப்பிடிக் கேடயத்தின் உள்விளிம்பில், அதாவது அவர் வாளை அடுத்த விளிம்பில், உங்கள் கேடயத்தின் ஓரத்தால் அழுத்தினால் அது கீலில் ஆடும் கதவைப் போலச் சுழலும். வெளிவிளிம்பு முன்னால் வந்து, அவருடைய இடது விலாவும் தொடையும் திறக்கும். உங்கள் வாள் இருப்பதும் அந்தப் பக்கமே. உங்கள் கேடயத்துக்கும் இதே பலவீனம் உண்டு என்பதால், ஓரத்தில் விசை விழும்போது மணிக்கட்டு தளராமல் இருக்கப் பழகுங்கள். முன்கையில் பட்டையால் கட்டிய கேடயம் அப்படிச் சுழலாது. அதை நேராக அழுத்தி அவர் கையை உடலோடு சேர்த்துவிட்டால் உடனே உயர்த்த முடியாது. விளிம்புக்கு மேலாகத் தோளில் வெட்டலாம்.

மோதிய பின் அங்கேயே நிற்காதீர்கள். அந்த நெருக்கத்தில் அவர் வாளைச் சுழற்றி உங்கள் முதுகைத் தொட முடியும். உங்கள் வலப்புறமாக, அவருடைய கேடயப் பக்கம் வழியாகக் கடந்துவிடுங்கள்.

மறுமொழி (களநடுவர்)

நடுவராக நிற்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1977-இல் தோன்றிய டாகோர்ஹிர் என்ற நுரை ஆயுத ஆட்டத்திலும், அதிலிருந்து கிளைத்த பெலகார்த்திலும் கேடய மோதல் ஆட்டத்தின் ஓர் அங்கம். 1983-இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் தொடங்கிய ஆம்ட்கார்ட் ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆகையால் வேறு களத்துக்குப் போகும்போது முதலில் அங்குள்ள விதியைக் கேட்டறியுங்கள். அனுமதி உள்ள இடத்திலும் கேடயத்தின் மேல்விளிம்பு எதிராளியின் முகவாய்க்குக் கீழேயே இருக்கட்டும். உங்களைப் பார்க்காதவர் மீது மோத வேண்டாம். விளிம்பு நுரையை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே உள்ள பலகை தட்டுப்பட்டால் அந்தக் கேடயம் களத்துக்கு வரக் கூடாது.

வட்டக்கேடயம்

அனைவருக்கும் நன்றி. முழங்கையை நீட்டுவதுதான் சிக்கல் என்பது இப்போது விளங்குகிறது. மேலும் இரண்டு ஐயங்கள். இருகை ஆயுதக்காரர் எதிரே வந்தால் இதே முறை பொருந்துமா? காலில் அடி வாங்கியதால் விதிப்படி முழங்காலிட்டு ஆடுபவர் மீது மோதலாமா?

மறுமொழி (முன்வரிசை)

இருகை ஆயுதத்துக்கு எதிராகத்தான் இது மிகவும் தேவைப்படுகிறது. டாகோர்ஹிர், பெலகார்த் விதிகளில் அவர்களுடைய இரண்டு உறுதியான அடிகள் கேடயத்தை உடைத்ததாகக் கணக்கு. எனவே தொலைவில் நின்று தாங்கிக்கொண்டிருந்தால் கேடயத்தை இழப்பீர்கள். முதல் வீச்சு கடந்தவுடன் உள்ளே புகுந்து அவருடைய இரு கைகளுக்கும் இடையே உள்ள தண்டை அழுத்துங்கள். அந்த நெருக்கத்தில் நீண்ட ஆயுதத்தை வீச இடம் இராது.

முழங்காலிட்டவர் மீது மோத வேண்டாம், உங்கள் விதி அதைத் தடுக்காவிட்டாலும் கூட. அவர் தலை உங்கள் கேடயத்தின் உயரத்தில் இருக்கிறது. பின்னால் சாய்ந்தால் மடங்கிய முழங்கால்கள் மீது முழு எடையும் விழும். அவரால் துரத்தி வர முடியாது என்பதால் சுற்றி நடந்து, கேடயம் எட்டாத பக்கத்திலிருந்து வாளாலேயே முடித்துவிடலாம்.