மில்வாக்கி தோள்: மூட்டுநீர் சிவப்பாக வந்தால்

மூட்டுவாத மருத்துவர்

மில்வாக்கி தோள் என்பது படிகங்கள் சேர்ந்து, தசைநாண் அறுந்து, மூட்டு அழியும் தோள்நோய். இதோடு வழக்கமாக வருபவர் எழுபதைத் தாண்டிய பெண்மணி. அதிகம் புழங்கும் கையின் தோள் முன்பக்கமும் பக்கவாட்டிலும் புடைத்து, தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. கையில் 'ஃப்ரோசன் ஷோல்டர்' (இறுகிப்போன தோள்) என்று எழுதிய பழைய சீட்டு இருக்கும்.

அந்தச் சீட்டை நம்புமுன் ஒன்று செய்யுங்கள். முதலில் அவரையே கையைத் தூக்கச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் பிடித்துத் தூக்குங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் இரண்டுமே நின்றுவிடும். முக்கியமாகக் கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியாது. மில்வாக்கி தோளில் அவரால் தூக்க முடியாத கை, நீங்கள் தூக்கினால் நறநறவென்ற அரைபாட்டோடு மேலே போகும். சில நேரம் போகக்கூடாத பக்கமெல்லாம் போகும். தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண்கள் முழுதாக அறுந்திருப்பதே காரணம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் டேனியல் மெக்கார்ட்டி குழுவினர் 1981-இல் நான்கு பெண்களைப் பற்றி எழுதியதால் இந்தப் பெயர். நோய் அதற்கும் பழையது. டப்ளினில் ராபர்ட் ஆடம்ஸ் 1857-லேயே இதுபோன்ற தோளை விவரித்துவிட்டார். மெக்கார்ட்டி குழு புதிதாகச் சொன்னது படிகங்களைப் பற்றி: கால்சியம் பாஸ்பேட்டின் ஒரு வகையான ஹைட்ராக்ஸிஅபடைட். மூட்டின் உள்சவ்வு அணுக்கள் இந்தப் படிகங்களை விழுங்கி, கொலாஜனேஸ் போன்ற நொதிகளைக் கக்குகின்றன. அவை நாணையும் குருத்தெலும்பையும் அரிக்க, அரிப்பிலிருந்து மேலும் படிகம் உதிர்கிறது. நாண் அறுந்ததால் படிகம் வந்ததா, படிகத்தால் நாண் அறுந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சார்லஸ் நீர் 1983-இல் 'கஃப் டேர் ஆர்த்ரோபதி' (நாண் அறுந்த மூட்டின் நோய்) என்று எழுதியதும் ஏறக்குறைய இதே தோளைத்தான், ஆனால் அவர் பழியை அறுந்த நாண் மேல் போட்டார்.

முழங்காலையும் கேளுங்கள். சாதாரணத் தேய்மானம் பெரும்பாலும் உட்பக்கத்தைத் தின்னும். இவர்களுக்கு வெளிப்பக்கம் தேய்ந்திருப்பதுண்டு.

பயிற்சி மருத்துவர்

மேடம், நீர் எடுத்தால் ரத்தமாக வருகிறது. ஊசி ரத்த நாளத்தில் பட்டதா, செப்டிக்கா (கிருமியால் சீழ் பிடித்ததா), ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையா, எப்படிப் பிரிப்பது?

மூட்டுவாத மருத்துவர்

ஊசி நாளத்தில் பட்டிருந்தால் தெளிவான நீரில் கோடு கோடாக ரத்தம் கலக்கும், குழாயில் உறைந்தும் போகும். மில்வாக்கியில் முதல் மில்லியிலிருந்து கடைசி வரை ஒரே சிவப்பு, உறையாது. உறைவைத் தடுக்கும் மாத்திரையாலும் மூட்டுக்குள் ரத்தம் கசியலாம் என்பதால், மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள். அளவும் ஒரு துப்பு: 50 மி.லி.க்கு மேல் வருவது சாதாரணம், 100-ஐத் தாண்டுவதும் உண்டு.

செப்டிக்கை மட்டும் கண்ணால் பார்த்து ஒதுக்கவே கூடாது. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காய்ச்சல் இல்லாமலே சீழ் பிடிக்கும். படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு முதல் உறிஞ்சலுக்கும் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), விதிவிலக்கில்லை. அது கிருமியில்லை என்று வரும்வரை ஸ்டீராய்டு ஊசி போடாதீர்கள்.

எடுக்கும் விதம்: பின்பக்கம், அக்ரோமியன் என்ற தோள் உச்சி எலும்பின் பின்வெளி மூலையிலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. கீழே, 1 செ.மீ. உள்ளே, முன்னாலுள்ள கொரகாய்டு என்ற எலும்பு நீட்சியை நோக்கி. 18 கேஜ் ஊசி வேண்டும், மெல்லிய ஊசியில் இது வராது. அல்ட்ராசவுண்ட் இருந்தால் அதை வைத்தே செய்யுங்கள். முழுதும் வடித்தால் வலி குறையும், ஆனால் பெரும்பாலும் திரும்பத் தேங்கும். அதற்காக வாரா வாரம் வடிப்பது வேண்டாம். ஒவ்வொரு குத்தும் கிருமிக்குத் திறக்கும் வாசல். யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் இருப்பதுபோல் இந்தப் படிகத்தைக் கரைக்க மருந்து கிடையாது. வலி மாத்திரைகளை, முக்கியமாக டைக்ளோஃபெனாக் வகையை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்க்காமல் இந்த வயதில் எழுதுவது தோளைக் காப்பாற்றிச் சிறுநீரகத்தைத் தொலைப்பதாகும்.

ஆய்வக நுட்பர்

மூன்று குழாய்களில் அனுப்புங்கள். அணு எண்ணிக்கைக்கு இடிடிஏ என்ற உறைவுத்தடுப்பான் போட்ட குழாய், கல்ச்சருக்கு ரத்தக் கல்ச்சர் பாட்டில் அல்லது கிருமிநீக்கிய புட்டி, படிகத்துக்கு சோடியம் ஹெப்பாரின். தூள் வடிவ ஆக்ஸலேட்டும் லித்தியம் ஹெப்பாரினும் தாங்களே படிகமாகித் தெரிந்து ஏமாற்றும்.

வெள்ளணு பெரும்பாலும் 1,000-க்குக் கீழே, அதுவும் ஒற்றைக்கரு அணுக்கள். நீர் இவ்வளவு சிவந்தும் எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதே இந்த நோயின் முகம். செப்டிக்கில் பெரும்பாலும் 50,000 தாண்டி, நியூட்ரோஃபில் வகை வெள்ளணு நிறைந்திருக்கும்.

'போலரைஸ்டு நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் பார்ப்பது) படிகம் இல்லை' என்று ரிப்போர்ட் வந்ததும் கோப்பை மூடுபவர்கள் பலர். அபடைட் படிகம் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, தனியாகத் தெரியாது, போலரைஸ்டு ஒளியில் மின்னவும் மின்னாது. அலிசரின் ரெட் எஸ் சாயம் கேட்டு எழுதுங்கள். 2 சதவீதக் கரைசல், பிஎச் 4.2 அளவில், வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். பழைய சாயத்தின் வீழ்படிவே சிவப்புக் கட்டிபோலத் தெரியும். கால்சியம் எதுவானாலும் இது சாயமேற்றும் என்பதால் பாசிட்டிவ் என்பது சந்தேகத்தைப் பலப்படுத்தும், அவ்வளவுதான். முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சீட்டில் குறிப்பிடுங்கள். அந்த மருந்துத் துகள் நுண்ணோக்கியில் பளிச்சென்று மின்னி எங்களைச் சுற்றவைக்கும்.

ரேடியோகிராஃபர்

எக்ஸ்ரேயில் நேர் முன்படம் மட்டும் எடுத்தால் மூட்டிடைவெளி மறைந்துவிடும். உடலை 30 முதல் 45 டிகிரி திருப்பி உண்மையான முன்படமும், அக்குள் படமும் சேர்த்து எடுங்கள். அக்ரோமியனுக்கும் மேற்கை எலும்புத் தலைக்கும் இடைவெளி 7 மி.மீ.க்குக் கீழே போனால் நாண் போய்விட்டதென்று சந்தேகிக்கலாம். முற்றிய தோளில் தலை மேலேறி அக்ரோமியனிலேயே உரசி அதைக் குழிவாக்கியிருக்கும். சாதாரணத் தேய்மானத்தில் எலும்பு முள் வளரும். இங்கே பெரும்பாலும் முள் குறைவு, கரைவு அதிகம்.

இயன்முறை மருத்துவர்

வீக்கமும் வலியும் அடங்குமுன் பயிற்சி வேண்டாம். கப்பியில் கயிறு போட்டு இழுக்கும் பயிற்சியை இந்தத் தோளுக்குக் கொடுத்தால் எலும்புத் தலையை மேலே தள்ளி அக்ரோமியனில் இடிக்கவைப்பீர்கள். தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையின் முன்பகுதியைப் பழக்குங்கள்: மல்லாந்து படுத்து, முழங்கையை மடக்கி, தேவைப்பட்டால் மறுகையின் துணையோடு கையைச் செங்குத்தாக நிறுத்தி, அங்கே முன்னும் பின்னும் மெல்ல அசைப்பது. ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முதல் ஐந்து வேளை. வலியில்லாமல் முடிந்தால் தலைப்பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, உட்கார்ந்து செய்யும் நிலைக்கு வரலாம். 12 வாரமாவது ஆகும்.

ரவிக்கையோ சட்டையோ, போடும்போது நோவுள்ள கை முதலில், கழற்றும்போது கடைசியில். இதைச் சொல்லாமலே அனுப்புகிறோம்.

எலும்பு அறுவை மருத்துவர்

நாண் இல்லாத தோளுக்குச் சாதாரண முழுமூட்டு மாற்று கூடாது. தலை மேலே வழுக்கி வழுக்கித் தோள்பட்டை எலும்பில் பொருத்திய கிண்ணத்தின் ஓரத்தை அழுத்தி, அதைக் கழற்றிவிடும். போட வேண்டியது ரிவர்ஸ் மூட்டு: பந்து தோள்பட்டை எலும்பில், கிண்ணம் மேற்கை எலும்பில். பிரான்சின் டிஜோனில் பால் கிராமோன் 1985-இல் கொண்டுவந்த அமைப்பு இது. சுழற்சி மையம் உள்ளேயும் கீழேயும் போவதால் டெல்டாய்டு ஒன்றே கையைத் தூக்கப் போதும். ஆகவே டெல்டாய்டும் அதை இயக்கும் ஆக்ஸிலரி நரம்பும் சரியாக இருக்கின்றனவா, திருகு பிடிக்கக் கிண்ண எலும்பு மிச்சமிருக்கிறதா என்று சி.டி.யோடு பாருங்கள். அக்ரோமியன் மெலிந்திருந்தால் பின்னால் அங்கே முறிவு வரும். கடைசி ஸ்டீராய்டு ஊசிக்கும் அறுவைக்கும் இடையே மூன்று மாதம் விடுங்கள். வலி பெரும்பாலோருக்கு நன்றாகக் குறையும். வெளிப்பக்கம் திருப்பும் வலு அவ்வளவாகத் திரும்பாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோளில் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் மெதுவாக வளரும் கிருமி. கல்ச்சரை 14 நாள் வைக்கச் சொல்லுங்கள்.

ஆய்வக நுட்பர்

சார் சொன்ன 14 நாளைச் சீட்டிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் வழக்கப்படி ஐந்தாம் நாளே 'வளர்ச்சி இல்லை' என்று போய்விடும்.