எஃப்எஃப்டி அளவை மாற்றினால் சிக்னல்–இரைச்சல் விகிதம் 12 டெசிபெல் கூடுகிறது: எது சரி?

கேட்பவர், கொடைக்கானல்

வணக்கம். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள குரல் அலைவரிசைக்கான ரிசீவர் ஒன்றைக் கல்லூரித் திட்டமாகச் செய்து வருகிறேன். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சிக்னல் ஜெனரேட்டரின் 145 மெகாஹெர்ட்ஸ் கேரியரை (ஒரே அலைவெண்ணில் நிற்கும் அலை) கேபிள் வழியாக, கணினியில் செருகும் சிறு ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளுக்குக் கொடுத்து, நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் வீதம் எடுக்கிறேன். சிக்னலை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி கணக்கை 4096 புள்ளிகளில் போட்டால், கேரியரின் முனை இரைச்சல் தளத்துக்கு (சிக்னல் இல்லாத இடங்களில் தெரியும் இரைச்சலின் மட்டம்) மேல் 31 டெசிபெல் நிற்கிறது. வேறு எதையும் தொடாமல் 65536 என்று மாற்றினால் அதுவே 43 ஆகிவிடுகிறது. அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது?

இன்னொன்று: கேபிளைக் கழற்றிவிட்டு மாடியிலுள்ள டைபோல் ஆண்டெனாவை மாட்டினால், தளம் முழுவதும் 9 டெசிபெல் மேலேறுகிறது. மூடுபனியில் ஈரம் இறங்கியிருக்குமோ என்று கனெக்டர்களைத் துடைத்து மாட்டியும் பயனில்லை. எங்கள் மாடியிலிருந்து பண்பலைக் கோபுரம் நேராகத் தெரியும்.

மறுமொழி, குன்னூர்

தம்பி, இரண்டு எண்ணுமே நீங்கள் தேடும் விகிதம் அல்ல. 4096 புள்ளிகளில் ஒரு கட்டத்தின் (எஃப்எஃப்டி பிரித்துத் தரும் ஓர் அலைவெண் துண்டின்) அகலம் 586 ஹெர்ட்ஸ்; 65536 புள்ளிகளில் அது 36.6 ஹெர்ட்ஸ். கேரியர் எவ்வளவு குறுகிய கட்டத்திலும் முழுதாக அடங்கிவிடும். இரைச்சலோ கட்டம் சுருங்கச் சுருங்கப் பங்கு குறைந்துகொண்டே போகும். கட்டம் 16 மடங்கு சுருங்கியதால்தான் உங்களுக்கு 12 டெசிபெல் சும்மா கிடைத்தது.

உங்கள் ரிசீவர் கேட்கப்போவது 12.5 கிலோஹெர்ட்ஸ் முழுவதிலும் உள்ள இரைச்சலை. ஹான் சாளரம் (எஃப்எஃப்டிக்கு முன் மாதிரித் தொகுதியின் இரு ஓரங்களையும் மெல்லத் தணிக்கும் முறை) பயன்படுத்தினால் ஒவ்வொரு கட்டமும் இரைச்சலைப் பொறுத்தவரை 1.5 மடங்கு அகலமாக நடந்துகொள்ளும் என்பதால், 12500-ஐ 586 × 1.5 ஆல் வகுத்தால் 14.2 வரும், அது 11.5 டெசிபெல். 31-இல் அதைக் கழித்தால் 19.5. பெரிய எஃப்எஃப்டிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பட்டை அகலத்தைக் குறிப்பிடாமல் இந்த விகிதத்தை மட்டும் எழுதுவது, படி எது என்று சொல்லாமல் நெல்லை அளப்பதைப் போன்றது.

மறுமொழி, கோத்தகிரி

ஒரு திருத்தம். இரைச்சல் தளத்தைத் திரையிலுள்ள டெசிபெல் மதிப்புகளைக் கொண்டு சராசரி செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் தளம் ஏறக்குறைய 2.5 டெசிபெல் தாழ்ந்து தெரியும். திறன் மதிப்புகளைச் சராசரி செய்த பிறகே மடக்கை எடுக்க வேண்டும்.

ஆண்டெனா விஷயத்தில் எனக்குக் கொடைக்கானல் வானொலி நிலையமான கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் மீதுதான் சந்தேகம். அவ்வளவு வலுவான சிக்னல் டாங்கிளின் முன்முனையை (ஆண்டெனா சிக்னலை முதலில் வாங்கும் சுற்றுகளை) திணறடித்தால், 145-ஐக் கேட்கும்போதும் தளம் உயரும். சிக்னலை எண்களாக மாற்றும் ஏடிசி நிரம்பவில்லையே என்று பார்த்து ஏமாற வேண்டாம். அதற்கு முன்பே, அலைவெண்ணை மாற்றும் மிக்சரிலேயே கெட்டுவிடலாம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டி ஒன்றை டாங்கிளுக்கு முன்னால் மாட்டிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிட்டு அளப்பது நல்லது.

கேட்பவர், கொடைக்கானல்

இருவருக்கும் நன்றி. திறன் சராசரிக்கு மாற்றிய பின் இரண்டு எஃப்எஃப்டியிலும் விகிதம் 17 டெசிபெலை ஒட்டியே வருகிறது. முன்பு நான் பார்த்தது டெசிபெல் சராசரிதான். வடிகட்டியை மாட்டியதும் ஆண்டெனாவின் தளம் 6 டெசிபெல் இறங்கியது, சார்ஜரைப் பிடுங்கியதும் இன்னும் 2 இறங்கியது. எஞ்சிய 1 டெசிபெல் எங்கிருந்து வருகிறது என்று இன்றிரவு வீட்டு எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கப் போகிறேன்.