கொன்றவன் பெயர் மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது?

கேள்வி:
துப்பாக்கிச் சூட்டு வழக்குகளைப் பற்றி வருடக்கணக்கில் படித்து வருகிறேன். நேற்று சும்மா ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சுட்டவர்கள் பெயர் ஒன்பது வந்தது. செத்தவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பிழைத்தவர்கள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள்? எந்த வழக்கிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரம், 1966 ஆகஸ்ட் 1. குண்டு பட்ட ஒரு மாணவருக்கு உடம்பில் வேலை செய்தது ஒரே ஒரு சிறுநீரகம்தான். அடி அதில் விழுந்தது. பல வருட அவஸ்தைக்குப் பிறகு, டயாலிசிஸ் போதும் என்று அவரே நிறுத்திவிட்டார். 2001இல் இறந்தபோது அது கொலை என்றே பதிவானது. சுட்டவனோ அன்றைக்கே போலீஸ் குண்டில் செத்துப்போனவன்! பலி எண்ணிக்கையை எந்தத் தேதியில் முடிப்பது, சொல்லுங்கள்.

பதில் 2:
ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளி, 1996. இறந்தவர்கள் 16 குழந்தைகள், ஓர் ஆசிரியை. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி அப்போது அதே பள்ளியில் எட்டு வயதுப் பையன். ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடமே பிரிட்டனில் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது.

பதில் 3:
நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019இல் ஒருவன் சுட்டதில் 51 பேர் இறந்தார்கள். அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்றார் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். உங்கள் தாளுக்கு அதுதான் பதில்.

கேட்டவர்:
சரி, தாளைக் கிழித்துவிட்டேன். டெக்சாஸிலிருந்து தொடங்குகிறேன்.