மணியின் இடது காது

எங்கள் நாய் மணி இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அந்த ஓவியரிடம் போனேன். நாய்களை மட்டுமே வரைபவர், படத்தைப் பார்த்தால் கை நீட்டித் தடவத் தோன்றும் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். மணி தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிற ஒரு படம், மேலிருந்து போனில் எடுத்தது, எனக்கு உயிர். அதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை வைத்து வரைய மாட்டேங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுருக்கென்றது. அப்புறம் பொறுமையாக விளக்கினார். போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும், காதுகள் பின்னால் போய்ச் சிறுத்துவிடும், அதை அப்படியே வரைந்தால் ஏதோ ஒரு நாய் அழகாக இருக்கும், மணி இருக்க மாட்டான். நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, சற்றுத் தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்த படம் வேண்டுமாம். நாய் உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கே இப்படி நாலு படம் எடுத்து வையுங்கள். என்னால் முடியாதே. "அப்படியானால் மங்கலானது, அழிக்க நினைத்தது, வீடியோ எல்லாவற்றையும் அனுப்புங்க" என்றார். இருநூறுக்கு மேல் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அவனுக்கு இடது காது கொஞ்சம் லேட்டாகத்தான் நிமிருமா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், கூப்பிட்டால் வலது காது உடனே எழும், இடது காது பாதியில் மடிந்து நின்று அப்புறம்தான் எழும், பதினோரு வருஷம் தினமும் பார்த்தது, ஆனால் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றியதும் இல்லை. யாரோ பேசிக்கொண்டிருக்கும் வீடியோவின் ஓரத்தில் இரண்டு நொடி வந்து போனதிலிருந்து அவர் அதைப் பிடித்திருக்கிறார்.

வரையும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மணி நல்ல கருப்பு. ஆனால் கருப்பு பென்சிலை அவர் தொடவே இல்லை. கருநீலம், அடர் பழுப்பு, ஊதா என்று மெல்லிய அடுக்குகள், முடி எந்தப் பக்கம் படியுமோ அந்தப் பக்கமாகவே கோடுகள். வெறும் கருப்பைத் தீட்டினால் ஓட்டை மாதிரி தெரியும் என்றார், அது கடைசியில் இரண்டு மூன்று இடத்தில்தான். மீசை முடிகளை முதலிலேயே மழுங்கிய ஊசியால் தாளில் அழுத்திக் கீறி வைத்துவிடுகிறார், மேலே பென்சில் ஓடும்போது அந்தப் பள்ளத்தில் நிறம் இறங்காமல் வெள்ளையாகவே நிற்கிறது. மூக்குக்கு மட்டும் அரை நாள் போனது. நாயின் மூக்கு வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காதாம்.

சுவரில் ஆங்கில ஓவியர் லேண்ட்சீர் 1837இல் வரைந்த ஓவியத்தின் பிரதி ஒன்று இருந்தது, இறந்துபோன மேய்ப்பரின் சவப்பெட்டிமேல் தலையை வைத்தபடி ஒரு நாய். மூலம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணீர் எதுவும் வரையவில்லை, தலையின் பாரம் அந்தப் பலகையில் இறங்கியிருப்பதைப் பாருங்கள் என்று காட்டினார். அதற்குமேல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

முடிக்கும் முன் இன்னொரு கேள்வி: "அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் ஜன்னல் எந்தப் பக்கம்?" கண்ணில் விழும் வெளிச்சப் புள்ளிக்காகக் கேட்டிருக்கிறார். இடப்பக்கம், இரண்டு கதவு, ஒன்று எப்போதும் பாதி சாத்தியிருக்கும் என்றேன்.

படத்தை அந்த ஜன்னலோரமே மாட்ட ஆசைப்பட்டேன். வெயில் பட்டால் நாக்கின் இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுத்துவிடும், வேண்டாம் என்றார். சரி என்று உள்ளறையில் மாட்டியிருக்கிறோம். கிட்டே போய்ப் பார்த்தால் மணியின் கண்ணுக்குள் எங்கள் ஜன்னல், ஒரு கதவு பாதி சாத்தியபடி.